ராஜபாளையத்திலிருந்து ஓர் அமெரிக்க வாக்கு

செவ்வாய், காலை 6.50. ரயில் ராஜபாளையம் நிலையத்தில் பத்து நிமிடத் தாமதத்தோடு நின்றது. சென்னை எழும்பூரிலிருந்து ஏறத்தாழ 590 கிலோமீட்டர்; படுக்கை வகுப்புக் கட்டணம் 370 ரூபாய். என்னிடம் ஒரு தோள்பையும் நான்கு வரி எழுதிய ஒரு துண்டுக் காகிதமும் இருந்தன.

1. சித்தப்பாவைப் பார்ப்பது.
2. அவருடைய அமெரிக்க ஓட்டுநர் உரிம அட்டையை வாங்குவது.
3. இணையப் படிவத்தில் கட்சிப் பெயரை அவரை நிரப்ப வைப்பது.
4. இவை எல்லாம் 9.30-க்குள்.

மென்பொருள் சோதிப்பது என் வேலை. எதையும் வரிசை எண் போட்டு எழுதிக்கொண்டால்தான் எனக்குக் கை ஓடும். நான்காவது வரிக்கு அடியில் இரண்டு கோடு இழுத்திருந்தேன். ராஜபாளையத்தில் காலை 9.30 ஆகும்போது அமெரிக்காவின் கிழக்குக் கரையில் திங்கள் நள்ளிரவு. அத்தோடு கெடு முடிந்துவிடும்.

பயணத்தின் காரணத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். என் சித்தப்பா முருகையா இந்த ஊர்க்காரர். பன்னிரண்டு ஆண்டுகள் காவல்துறையில் இருந்தார். சித்தி செவிலியர். சித்திக்கு அமெரிக்காவில் வேலை கிடைத்தபோது, சித்தப்பா சீருடையைக் கழற்றி வைத்துவிட்டுக் கூடவே போனார். அங்கே ஒரு சரக்குக் கிடங்கில் இருபத்து நான்கு ஆண்டுகள் வேலை பார்த்தார். இருவரும் அந்நாட்டுக் குடிமக்கள் ஆனார்கள். ராஜபாளையத்து வீட்டை இடித்துக் கட்டுவதற்காக ஓராண்டுக்கு ஊர் வந்திருக்கிறார்கள். அங்கே அவர்களுடைய மகள் கவிதா அக்கா கவுண்டி மன்றத்துக்குப் போட்டியிடுகிறாள். கவுண்டி என்றால் ஏறக்குறைய நம் தாலுகாவுக்கும் மாவட்டத்துக்கும் நடுவில் ஓர் அளவு. மாநிலத்தின் பெயரைச் சித்தப்பா எழுத வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார், எழுதவில்லை.

அங்கே கட்சித் தலைமை யாருக்கும் சீட்டு கொடுப்பதில்லை. ஒரே கட்சியில் மூன்று பேர் நிற்க விரும்பினால், மே மாதத்தில் அந்தக் கட்சிக்குள் முதலில் ஒரு தேர்தல் நடக்கும். அதையும் அரசாங்கமே நடத்தும். அதில் வென்றவர்தான் நவம்பரில் எதிர்க்கட்சிக்காரரோடு மோதுவார். அந்த மாநிலத்தில் உட்கட்சித் தேர்தலில் வாக்களிக்க, அரசாங்க வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயருக்கு எதிரே அந்தக் கட்சியின் பெயர் இருக்க வேண்டும். சித்தியின் பெயருக்கு எதிரே இருந்தது. அவருக்கு வாக்குச்சீட்டு மின்னஞ்சலில் வந்து, அதை அவர் போன வாரமே அனுப்பியும் விட்டார். சித்தப்பாவுக்கு எதுவும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை கவிதா அக்கா பட்டியலைத் திறந்து பார்த்தாள். தந்தையின் பெயருக்கு எதிரே ‘கட்சி: இல்லை’ என்று இருந்தது.

தொலைபேசியில் சொன்னபோது சித்தப்பா இரண்டு முறை இணைப்பைத் துண்டித்தார். அதனால்தான் நான் அனுப்பப்பட்டேன்.

காலை 7.15. வீட்டில் சித்தி மட்டும் இருந்தார்.

“அவிய விடிகாலையில அய்யனார் கோவிலுக்குப் போயிட்டாவ. குளிக்கணுமாம்.”

“நான் வரேன்னு சொன்னீங்களா சித்தி?”

“சொன்னதுனாலதான் போயிருக்காவ.”

உரிம அட்டையைச் சித்தியே எடுத்துக் கொடுத்தார். இரண்டாவது வரியை அடித்தேன்.

காலை 7.35. முடங்கியாறு சாலையில் மேற்கே ஆட்டோ. காத்திருப்பு உட்படப் போய்வர 450 ரூபாய் என்று பேசினேன். ஓட்டுநருக்கு ஐம்பது வயதிருக்கும். ஆறு கேள்விகளில் விஷயம் முழுவதையும் வாங்கிவிட்டார்.

“அப்ப, கட்சிக்காரன்னு சர்க்கார்ல எழுதிக் குடுத்தாத்தான் ஓட்டா?”

“உட்கட்சித் தேர்தலுக்கு மட்டும்ணே.”

“நம்மூர்ல எழுதிக் குடுத்தா மறுநாளே எதிர்க்கட்சிக்காரன் வீட்டு முன்னால வண்டிய நிப்பாட்டிருவான்.”

சாலையின் இருபுறமும் மாந்தோப்புகள். மே மாதம் ஆகையால் சாக்கு விரித்துச் சப்பட்டை மாம்பழம் குவித்திருந்தார்கள். ஆறாவது கிலோமீட்டரில் என் கைபேசியில் சிக்னல் போனது. அந்த இடத்தில் ஒரு டீக்கடையும் பக்கத்தில் ஒரு பம்புசெட் அறையும் இருந்தன, குறித்துக்கொண்டேன். அதற்கு அப்பால் வனத்துறைச் சோதனைச் சாவடி. அங்கே பெயரும் வண்டி எண்ணும் எழுதிக்கொண்டார்கள்.

காலை 8.10. கோடையில் அய்யனார் கோவில் அருவியை அருவி என்று சொல்வதற்கில்லை. பாறையில் தண்ணீர் நூலாக வழிந்துகொண்டிருந்தது. அதற்குக் கீழே இருந்த தேக்கத்தில் சித்தப்பா கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்திருந்தார்.

“வந்துட்டியாட்டி? ஆட்டோவுக்கு எம்புட்டு கேட்டான்?”

“நானூத்தம்பது.”

“அம்புட்டா! முந்நூறுக்கு வருவானே.”

ஏறி வந்து துண்டைக் கட்டிக்கொண்டு பாறையில் உட்கார்ந்தார். அவரே தொடங்கினார்.

“சர்க்கார் காயிதத்துல கட்சி பேர எழுதச் சொல்லுதா உங்க அக்கா. அன்னைக்கு எழுதியிருந்தா எஞ்சட்டையக் கழட்டிருப்பாவ. பன்னெண்டு வருசம், எத்தன பூத்துக்கு டூட்டி போயிருப்பேன் தெரியுமா? எம்பொண்டாட்டிகிட்டகூட யாருக்குப் போட்டேன்னு சொன்னதில்ல.”

“அங்க கட்சி எழுதுறதுக்கும் ஓட்டுக்கும் சம்பந்தமில்ல சித்தப்பா. எந்தக் கட்சின்னு எழுதினாலும் நவம்பர்ல யாருக்கு வேணும்னாலும் போடலாம்.”

“அப்ப எதுக்கு எழுதச் சொல்லுதான்?”

“அந்தக் கட்சி வேட்பாளரை அந்தக் கட்சிக்காரங்க தேர்ந்தெடுக்கணும்னு.”

“அதத் தலைவரு பாத்துக்க மாட்டாரா?”

“அங்க தலைவருக்கு அந்த வேலை இல்ல.”

“பொறவு எதுக்கு அவரு தலைவரு?”

மணி 8.25 ஆகிவிட்டது. என் பட்டியலில் இல்லாத ஒன்றைச் செய்தேன்: அவருக்குத் தெரிந்தவற்றை வரிசையாகக் கேட்டேன். குடியுரிமை வாங்கியபோது அந்தப் படிவத்தில் எதைக் குறித்தீர்கள்? “கட்சி இல்லைன்னு.” யாராவது கேட்டார்களா? “கேக்கல.” அப்படிக் குறித்தது நடுநிலை என்று நினைத்தீர்களா? “ஆமா. டிப்பார்ட்மெண்ட் பழக்கம்.” அந்தப் பழக்கத்தால் இப்போது உங்கள் மகள் நிற்கும் தேர்தலில் மட்டும் உங்களுக்கு வாக்கில்லை, சரியா?

அவர் எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டார்.

“நான் எதை எழுதுதேன்னு நீ பாக்கக் கூடாது.”

“பாக்க மாட்டேன். ஆனா மூணு நாள்ல பட்டியல்ல வந்துரும். வேட்பாளர் யார் வேணும்னாலும் வாங்கிப் பாக்கலாம்.”

“அது அவிய போடுற பட்டியல். நான் எழுதுதப்ப ஒருத்தரும் பாக்கக் கூடாது. பூத்துன்னா பூத்து மாதிரி இருக்கணும்.”

காலை 8.58. பம்புசெட் அறைக்கு எதிரே சிக்னல் வந்தது. சித்தப்பா ஆட்டோவை ஓரங்கட்டச் சொன்னார். முதலில் என்னை இறக்கினார், பிறகு ஓட்டுநரை. மழைக்காகச் சுருட்டிக் கட்டியிருந்த ரெக்சின் திரைகளைத் தானே இரண்டு பக்கமும் அவிழ்த்து இறக்கிவிட்டு, என் கைபேசியோடு உள்ளே உட்கார்ந்தார். நானும் ஓட்டுநரும் டீக்கடை நிழலுக்குப் போனோம். டீ பன்னிரண்டு ரூபாய்.

“ஏம்மா, எனக்கும் உள்ள போயி ஒரு ஓட்டுப் போட முடியுமா?”

“உங்களுக்கு அமெரிக்காவில முகவரி வேணும்ணே.”

“வண்டி என்னுதுல்லா?”

வெயிலில் திரைக்குள் புழுங்கியிருக்கும். ஒரு முறை சித்தப்பாவின் குரல் மட்டும் வந்தது: “பொறந்த தேதியில மாசத்த முன்னால போடணுமாட்டி?” ஆமாம் என்று கத்தினேன். 9.14-க்குத் திரை விலகியது. முகம் முழுக்க வியர்வை. “ஏத்துக்கிட்டோம்னு ஒரு நம்பர் காட்டுது. எழுதிக்க.” எண்ணை மட்டும் எழுதிக்கொண்டேன். என்ன குறித்தார் என்று கேட்கவில்லை. மூன்று கட்டங்கள் இருந்த படிவம்: கவிதா அக்காவின் கட்சி, எதிர்க்கட்சி, எதுவுமில்லை.

அன்று இரவு ரயிலில் சென்னை திரும்பினேன். வெள்ளிக்கிழமை ஒரு வரியில் செய்தி வந்தது: சித்தப்பாவுக்கு வாக்குச்சீட்டு மின்னஞ்சலில் வந்துவிட்டது. எந்தக் கட்சியினுடையது என்பதைச் சித்தி மூலமாகத்தான் தெரிந்துகொண்டேன். மகள் கட்சிதான். ஆனால் அச்சிட வேண்டும், இரண்டு உறைகள் வேண்டும், தபாலில் போக வேண்டும். வெள்ளி இரவே மறுபடியும் கிளம்பினேன்.

சனி, மாலை 7.30. வாக்குச்சீட்டை ஒரு ஜெராக்ஸ் கடையில் அச்சிட்டு வந்திருந்தேன். நான்கு பக்கம், எட்டு ரூபாய். கூடத்தில் சித்தி மாம்பழம் அரிந்துகொண்டிருந்தார். சித்தப்பாவின் அமெரிக்க எண் வீட்டு வைஃபையில் இயங்குகிறது. அது ஒலித்தது. அவர் ஸ்பீக்கரில் போட்டார்.

வயதான ஓர் அமெரிக்கப் பெண்மணியின் குரல். பெயர் கேரல் என்றார். உட்கட்சித் தேர்தலுக்காக ஒரு வேட்பாளரின் சார்பில் தன்னார்வமாக அழைப்பதாகச் சொன்னார். அங்கே அப்போது சனிக்கிழமை காலை பத்து மணி. எங்கள் வழக்கப்படி தந்தையின் பெயர்தான் கடைசிப் பெயர். ஆகவே சித்தப்பா முருகையா சங்கரன், மகள் கவிதா முருகையா. கேரலின் பட்டியலில் இருவரும் சம்பந்தமில்லாத இரண்டு பேர்.

“திரு. சங்கரன், கவிதா முருகையாவுக்கு உங்கள் ஆதரவை எதிர்பார்க்கலாமா?”

சித்தப்பா நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். “வாக்கு ரகசியம், அம்மா,” என்றார் ஆங்கிலத்தில்.

“நிச்சயமாக, ஐயா. ஆதரவு, ஓரளவு ஆதரவு, இன்னும் முடிவு செய்யவில்லை. இதில் எதைக் குறித்துக்கொள்ளட்டும்?”

“நான் சொல்வதற்கில்லை.”

“அவரைப் பற்றி ஏதாவது தெரிந்துகொள்ள விரும்புகிறீர்களா?”

சித்தப்பா சிறிது யோசித்தார். “எனக்குக் கொஞ்சம் தெரியும்.”

இணைப்பு முடிந்ததும் சித்தி கத்தியைக் கீழே வைத்தார். “ஏங்க, எம்மகதான்னு சொல்லிட்டுப் போவ வேண்டியதுதான?”

“அப்படிச் சொன்னா யாருக்குப் போடுதேன்னு சொன்ன மாதிரி ஆவாதா?”

அங்கே பிரசாரம் எப்படி நடக்கிறது என்பதைக் கவிதா அக்கா முன்பே எனக்கு விளக்கியிருந்தாள். ஒலிபெருக்கி வேன் கிடையாது. ஆதரவாளர்கள் தங்கள் வீட்டுப் புல்வெளியில் சிறிய அட்டை ஒன்றை நட்டு வைப்பார்கள். வேட்பாளர் கைபேசியில் தெருவைத் திறந்தால், கதவு தட்ட வேண்டிய வீடுகள் மட்டும் வரும். மற்றவற்றைத் தாண்டிப் போக வேண்டும். அரசுப் பட்டியலில் கட்சியும், எந்தெந்தத் தேர்தலில் வாக்களிக்க வந்தார் என்பதும் இருக்கும்; யாருக்குப் போட்டார் என்பது இருக்காது. அந்த இடைவெளியை நிரப்பத்தான் இந்த அழைப்புகள். பேசியவருக்கு ஒன்றிலிருந்து ஐந்து வரை ஓர் எண் போடுவார்கள். ஒன்று உறுதியான ஆதரவு, ஐந்து உறுதியான எதிர்ப்பு.

ஞாயிறு, காலை 6.30. மகளின் அழைப்பு. அங்கே சனி இரவு ஒன்பது.

“அப்பா, எங்க லிஸ்ட்ல நீங்க மூணுப்பா.”

“மூணுன்னா?”

“இன்னும் முடிவு செய்யாதவர். மூணா இருக்கவங்கள நானே கூப்பிட்டுப் பேசணும். அதான் எங்க விதி.”

சித்தி வாயைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்குப் போனார். சித்தப்பா சிரிக்கவில்லை.

“சரி, பேசு.”

“நீங்கதான்ப்பா கேள்வி கேக்கணும்.”

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். “குடோன் ரோட்டுல பஸ்ஸு விடுவேன்னு நோட்டீஸ்ல போட்டிருக்கியே. எம்புட்டு நாள்ல விடுவ?”

அந்தச் சாலை எனக்குத் தெரியாது. சித்திக்குத் தெரியும். பேருந்து நிற்கும் இடத்திலிருந்து கிடங்குக்கு நான்கு கிலோமீட்டர். கார் வாங்கும்வரை ஆறு பனிக்காலங்கள் சித்தப்பா அதில் நடந்திருக்கிறார்.

கவிதா அக்கா விவரமாகச் சொன்னாள். மன்றத்தில் ஒன்பது பேர். ஐந்து பேர் சம்மதிக்க வேண்டும். முதல் ஆண்டு ஆய்வுக்கே போய்விடும். இரண்டாம் ஆண்டில் ஒரு வண்டி, ஷிப்ட் மாறும் நேரத்துக்கு மட்டும்.

“அப்ப ‘விடுவேன்’னு எதுக்குப் போட்ட?”

“எல்லாரும் அப்படித்தான்ப்பா போடுறாங்க.”

“இப்பச் சொன்னியே, அதப் போடு. ஆய்வுக்கு ஒரு வருசம், பொறவு ஒரு வண்டி. நடந்து போறவனுக்கு அது போதும். ஏமாந்தாத்தான் கோவம் வரும்.”

“இன்னும் ஆயிரம் நோட்டீஸ் மிச்சம் இருக்குப்பா.”

“பேனாவால திருத்து.”

அழைப்பு இருபத்திரண்டு நிமிடம் நீடித்தது. கடைசியில் அவள் கேட்டாள்: “இப்ப உங்களுக்கு எந்த நம்பர் போடட்டும்ப்பா?”

“நான் ஒண்ணும் சொல்லலையே.”

அன்று முற்பகல் அவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே வந்தபோது உள்ளுறை ஒட்டப்பட்டிருந்தது. வெளியுறையில் கையெழுத்தும் தேதியும் என் முன்னிலையில் போட்டார்.

திங்கள், காலை 9.10. ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்து. ராஜபாளையத்திலேயே தபால் நிலையம் இருக்கிறது. ஆனால் சித்தப்பா ஸ்ரீவில்லிபுத்தூரில் ஐந்து ஆண்டுகள் வேலை பார்த்தவர். அங்கிருந்து அனுப்பிய எதுவும் தவறியதில்லை என்றார். இதைச் சரிபார்க்க வழியில்லை. பன்னிரண்டு கிலோமீட்டர்தானே என்று ஒப்புக்கொண்டேன். அவருக்குப் பன்னிரண்டு ரூபாய், எனக்கு மகளிர் கட்டணமில்லாச் சீட்டு.

வழியில் இருந்த வெள்ளையடித்த சுவர்கள் பலவற்றில் கட்சிகள் முன்பதிவு செய்து எழுதியிருந்தன. சுவரின் நான்கு மூலையிலும் பெயர், நடுவே வெற்றிடம். தேர்தல் வரும்வரை அது அப்படியே காத்திருக்கும்.

மம்சாபுரம் விலக்கு தாண்டியதும் முன்னிருக்கையில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். சுப்பையா. சித்தப்பாவின் தெருக்காரர், பல தேர்தல்களில் அந்தத் தெருவுக்கு ஒரு கட்சியின் பூத் ஏஜென்டாக இருந்தவர்.

“ஏலே முருகையா, உறைய நெஞ்சோட அணைச்சுக்கிட்டு எங்கலே போற?”

“ஓட்டுப் போடப் போறேன்.”

அமெரிக்கத் தேர்தல் என்று நான் விளக்கியதும் சுப்பையா என்னைப் பார்த்தார். “நம்ம தெருவுல எந்த வீடு எந்தக் கட்சின்னு கண்ண மூடிட்டுச் சொல்லுவேம்மா. நோட்டுல டிக் அடிச்சு வச்சிருப்பேன். இவன் வீட்டுக்கு நேரா மட்டும் அன்னைக்கும் கேள்விக்குறி, இன்னைக்கும் கேள்விக்குறி.”

“அது அப்படியே இருக்கட்டும்,” என்றார் சித்தப்பா.

காலை 10.05. தபால் நிலையம். வரிசையில் நான்காவது. வெளிநாட்டு விரைவுத் தபால், ஆயிரத்து நானூற்றுச் சொச்சம். கவுன்டரில் இருந்த அம்மா படிவத்தைத் திருப்பி நீட்டினார்.

“உள்ள என்ன இருக்குன்னு எழுதலையே சார்.”

“ஓட்டு.”

“என்ன?”

“அமெரிக்கத் தேர்தலு. எம்மக நிக்கா.”

அந்த அம்மா தலையைச் சாய்த்து உறையைப் பார்த்தார். “அப்ப யாருக்குன்னு கேக்க வேண்டாம்.”

“கேட்டாலும் சொல்ல மாட்டேன்,” என்றார் சித்தப்பா. படிவத்தில் ‘ஆவணம்’ என்று எழுதினோம். முத்திரை விழுந்தது. மகள் நிற்கிறாள் என்று அவர் வெளியாள் ஒருவரிடம் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

மாலை ரயிலுக்குக் காத்திருந்தபோது ஓர் ஒப்பீடு எழுதிப் பார்த்தேன். இங்கே எந்த வீடு எந்தக் கட்சி என்பது தெருவுக்கே தெரியும். அரசாங்கக் காகிதத்தில் இருக்காது. அங்கே அரசாங்கக் காகிதத்தில் இருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் கேட்பது மரியாதைக் குறைவு. இங்கே வேட்பாளரை மேலிருந்து தருகிறார்கள், அங்கே கீழிருந்து தேர்ந்தெடுக்கிறார்கள். எழுதி முடித்தபின் பார்த்தால், இரண்டு பக்கத்திலும் கடைசி வரி ஒன்றாகவே இருந்தது: பட்டியல் வைத்திருப்பவருக்கு ஒரு கட்டம் நிரம்பாமல் இருக்கிறது.

உறை சனிக்கிழமை போய்ச் சேர்ந்தது. செவ்வாய்க்கிழமை வாக்கு எண்ணிக்கையில் மூவரில் கவிதா அக்கா முதலாவதாக வந்தாள். வாக்காளர் பட்டியலில் சித்தப்பாவின் வரியில் இப்போது பெயர், கட்சி, ‘வாக்களித்தார்’ என்ற குறிப்பு, மூன்றும் இருக்கின்றன. நவம்பர் பொதுத் தேர்தல் பாக்கி. அதற்குக் கட்சி எழுத வேண்டியதில்லை என்றதும் சித்தப்பாவுக்கு நிம்மதி.

போன வாரம் அக்காவிடம் பேசும்போது கேட்டேன், அப்பாவின் எண்ணை ஒன்று என்று மாற்றிவிட்டாயா என்று.

“இல்ல, மூணுதான்.”

“ஏன்க்கா?”

“அவர் இன்னும் சொல்லலையே,” என்றாள். “அக்டோபர்ல நான் மறுபடியும் கூப்பிடணும். பஸ் பத்தி எல்லாம் படிச்சு வச்சுக்கிட்டிருக்கேன்.”